வெட்டு ஆளின் கணக்கை யார் பார்ப்பது?

ஆகஸ்டில் மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு ஆள் வேண்டும். கிழக்குக்கரையில் 27,000 ஏக்கர், மேற்குக்கரையில் 18,000 ஏக்கர் என இரண்டு வாய்க்கால்களுக்கும் சேர்த்து 45,000 ஏக்கர் பாசனம். உள்ளூரில் பிறந்த பிள்ளைகளை விசைத்தறியும் நூற்பாலையும் இழுத்துக்கொண்டன. எனவே மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குழுக்கள் நாற்று நடுகின்றன. கரும்பு வெட்டுக்கு உத்தரவு வந்தால் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன.

உங்களிடம் ஒரு கேள்வி. சென்ற போகம் உங்கள் வயலில் நட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? மேஸ்திரியின் பெயர் தெரியும், அவருடைய செல்போன் எண்ணும் இருக்கும். சேற்றில் இறங்கிய மற்றவர்கள் யார், எங்கே தூங்கினார்கள், பேசிய கூலியில் அவர்கள் கைக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் நம்மில் பலருக்கும் பதில் இருக்காது.

இதே கேள்வியை 1960-ல் அமெரிக்காவில் ஓர் ஆவணப்படம் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் படத்தை வேளாண்மைத் துறையினரும் விவசாயிகளும் இன்றைக்கும் பார்க்கலாம். நம் ஊர் நடவுக்கும் வெட்டுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

விருந்துக்கு மறுநாள் வந்த படம்

படத்தின் பெயர் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்'. 'வெட்கக்கேட்டின் அறுவடை' என்று தமிழில் சொல்லலாம். டேவிட் லோ தயாரிக்க, புகழ்பெற்ற செய்தியாளர் எட்வர்ட் ஆர். மரோ வழங்கினார். சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1960 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பானது. நமக்குப் பொங்கல் போல, விளைச்சலுக்கு நன்றி சொல்லி விருந்துண்ணும் திருநாள் அங்கே உண்டு. அதற்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்துப் படத்தை வெளியிட்டார்கள். நேற்று நீங்கள் சாப்பிட்டதை அறுவடை செய்தவர் இவர்தான் என்று காட்டுவது அவர்கள் நோக்கம்.

புளோரிடா மாநிலத்தின் பெல் கிளேட் ஊரில் விடியற்காலையில் படம் தொடங்குகிறது. ஒரு திடலில் கூலி ஆட்கள் கூடி நிற்கிறார்கள். ஆள் பிடிப்பவர்கள் அன்றைய கூலியைக் கூவிச் சொல்ல, ஆட்கள் லாரிகளில் ஏறிக்கொள்கிறார்கள். கேமரா அவர்களோடு பயணித்து, பயிர் விளையும் பருவத்துக்கேற்ப தெற்கிலிருந்து வடக்கே ஊர் ஊராகப் போகிறது. பகல் முழுதும் வயலில் வேலை செய்த ஒரு தாய், அன்று தனக்குக் கிடைத்தது ஒரு டாலர் என்று சொல்கிறார். அவருக்குப் பல குழந்தைகள். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

அந்தப் படம் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது: ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி, அவர்கள் தங்கும் கொட்டகை, கூலிக் கணக்கு. வண்டியைப் பற்றிய பகுதியில் ஒரு சட்டத்தை நினைவூட்டுகிறார்கள். கால்நடைகளை நெடுந்தூரம் ஏற்றிச் செல்லும்போது 28 மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, தீனியும் தண்ணீரும் ஐந்து மணி நேர ஓய்வும் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வயல் வேலைக்குப் போகும் மனிதர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு அப்போது இல்லை. 1938-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் விவசாயத் தொழிலாளர்களை விட்டுவிட்டது.

படம் வந்ததும் விவசாயிகள் அமைப்புகள் ஒருதலைப்பட்சம் என்று கண்டித்தன. 1961-ல் மரோ அரசின் வெளிநாட்டுத் தகவல் துறைக்குத் தலைவரானதும், நாட்டின் பெயர் கெடுமே என்று இந்தப் படத்தை பி.பி.சி. ஒளிபரப்பாமல் நிறுத்தக் கேட்டுக்கொண்டார். பி.பி.சி. கேட்கவில்லை, ஒளிபரப்பியது. 1962-ல் இடம்பெயரும் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1966-ல் பெரிய பண்ணைகளின் ஆட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நீட்டிக்கப்பட்டது. ஒரு படத்தால் மட்டும் இவை வந்துவிடவில்லை. ஆனால் இனிமேல் தெரியாது என்று சொல்ல யாருக்கும் வழியில்லாமல் படம் செய்துவிட்டது.

பொய்ப் படத்துக்கும் பலம் உண்டு என்பதை நாமும் பார்த்தோம். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று காவல்துறை அறிவித்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து பார்த்தது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் பலர். பொய்யான சில நிமிடக் காட்சிக்கு இவ்வளவு வேகம் என்றால், உண்மையான ஒரு படம் நம் வயலில் எதைக் காட்டும் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. அந்த மூன்று விஷயங்களையும் வரிசையாகப் பார்ப்போம்.

வண்டி

கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேலே ஆள் உட்கார்ந்து போவதும், சரக்கு வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு நடவுக்குப் போவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதிலும் சிக்கல் வரும்.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை கிடைக்கும். வேறு மாநிலத்தவருக்கும் இது பொருந்தும். இரண்டாவது, பிரதமரின் விபத்துக் காப்பீடு. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு மொத்தமே 240 ரூபாய்தான். குழு வந்த முதல் நாளே இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொட்டகை

குழுவுக்கு நாம் கொடுக்கும் இடம் பெரும்பாலும் மோட்டார் ரூம். அதே அறையில் ஸ்டார்ட்டர் பெட்டி, திறந்த ஒயர், மூலையில் பூச்சிமருந்து பாட்டில்கள், உர மூட்டை. அதன் நடுவே அடுப்பு வைத்துச் சமைத்து, அங்கேயே படுக்கிறார்கள். இதில் இருக்கும் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் வரும் முன்பே மருந்தை எடுத்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். காலி மருந்து பாட்டில்களில் துளையிட்டு அப்புறப்படுத்துங்கள். துளையில்லாத பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

மருந்துப் புட்டியில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மருந்தடித்த வயலில் உடனே களையெடுக்கவோ நடவோ ஆளை இறக்காதீர்கள்.

கரும்பு வெட்டக் குடும்பமாக வருபவர்கள் வாய்க்கால் கரையிலேயே தார்ப்பாய்க் குடிசை போடுவார்கள். பெற்றோர் இருவரும் கரும்புக்குள் இருக்கும்போது குழந்தைகள் ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பார்கள். வாய்க்காலிலிருந்து தள்ளி இடம் காட்டுங்கள். பாம்பு கடித்தால் மந்திரம், கட்டு என்று நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்க முடியாது.

குடும்பத்துக்குச் சொந்த ஊர் ரேஷன் அட்டை இருந்தால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்குரிய தானியத்தை இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து வாங்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறை 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அது தெரியாமல் வெளிக் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடும் குழுக்கள் உண்டு.

கணக்கு

இங்கேதான் நமக்குச் சங்கடம். நீங்கள் மேஸ்திரியிடம் ஏக்கருக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசுகிறீர்கள், பேசியதைக் கொடுத்தும் விடுகிறீர்கள். உங்கள் பக்கம் கணக்கு முடிந்துவிட்டது. வேலை செய்தவரின் பக்கம் முடிந்ததா?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 5,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். பத்துப் பேர் ஒரு நாளில் இரண்டு ஏக்கர் நட்டார்கள். மொத்தம் 10,000 ரூபாய், ஆளுக்கு 1,000. அழைத்து வந்த செலவு, சாப்பாடு, மேஸ்திரியின் பங்கு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேளுங்கள். 800 என்றால் புரிந்துகொள்ளலாம். 400 என்றால், நீங்கள் கொடுத்த நல்ல கூலி வயலுக்கு வராமல் இடையிலேயே நின்றுவிட்டது. குழுவில் பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் அதே பங்கு விழுகிறதா என்று பாருங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

முன்பணம் அடுத்த சிக்கல். கரும்பு வெட்டுக் குடும்பங்கள் பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் வாங்கிவிடுவார்கள். முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. அதைக் காட்டி, வேறு வேலைக்குப் போகக் கூடாது, ஊருக்குப் போகக் கூடாது என்று பிடித்து வைத்தால் அது 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். அப்படி மீட்கப்படுபவரின் கடன் சட்டப்படி ரத்தாகிவிடும். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டம் தடை செய்த கட்டாய உழைப்பு என்று சொல்லிவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் வந்த சட்டம், ஒப்பந்தக்காரருக்கு உரிமம், தொழிலாளிக்குக் கணக்குப் புத்தகம், பயணப்படி, தங்குமிடம் என்றெல்லாம் சொன்னது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

சட்டம் கிடக்கட்டும், நடைமுறைக்கு வருவோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவதுதான். வந்தவர்களின் பெயர், ஊர், வீட்டு எண், வந்த நாள், செய்த வேலை, கொடுத்த பணம். கூலி கொடுக்கும்போது குழு முழுவதையும் வரச்சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி மொத்தத் தொகையைச் சொல்லிக் கொடுங்கள். மேஸ்திரிக்கு அவர் பங்கைத் தனியாகக் கொடுங்கள். முடிந்தவர்களுக்கு அவரவர் கணக்கிலேயே அனுப்புங்கள். நேர்மையான மேஸ்திரி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

பயிர் சொல்லும் சாட்சி

இதெல்லாம் மனிதாபிமானம், நமக்கென்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வேளாண் விஞ்ஞானியாகப் பதில் சொல்கிறேன். கூலி கைக்கு வராத ஆள் விட்டுச் செல்லும் அடையாளத்தை நடவிலும் வெட்டிலும் பார்க்கலாம்.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கால ரகத்துக்கு 20-க்கு 15 செ.மீ. இடைவெளி, அதாவது சதுர மீட்டருக்கு 33 குத்து. குறுகிய கால ரகத்துக்கு 20-க்கு 10 செ.மீ., அதாவது 50 குத்து. குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, 3 செ.மீ. ஆழம். ஏக்கர் கணக்கில் வேலை பேசி, அதில் பாதி இடையிலேயே போய்விட்டால், அதே வருமானத்துக்கு ஒரு நாளில் அதிக ஏக்கர் நட்டாக வேண்டும். குத்து குறையும். அவசரத்தில் நாற்று ஆழமாகப் போகும், ஆழமாகப் போன நாற்றில் தூர் கட்டுவது தாமதமாகும். ஒரு மீட்டர் நீளக் குச்சிகள் நான்கைச் சதுரமாகக் கட்டி, நட்ட அன்றே ஐந்து இடங்களில் வைத்து எண்ணிப் பாருங்கள். கூலி பேசும்போதே குத்து எண்ணிக்கையையும் பேசுங்கள், எண்ணிக்கை சரியாக இருந்தால் சொன்னபடி முழுக் கூலி கொடுங்கள்.

கரும்பும் அப்படித்தான். சர்க்கரைச் சத்து அதிகம் இருப்பது அடிக்கணுக்களில். தரையோடு ஒட்ட வெட்டினால்தான் எடையும் கிடைக்கும், மறுதாம்பும் மண்ணுக்குள் இருக்கும் பருவிலிருந்து திடமாக முளைக்கும். ஒவ்வொரு கரும்புக்கும் தரைவரை குனிய வேண்டும். மாலை வரை வெயிலில் நின்று இடுப்பு ஒடிந்தவர் அரை அடி மேலே வெட்டிவிடுவார். பிறகு கட்டை சீவ நீங்கள் தனியாகக் கூலி கொடுப்பீர்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தோகைக்குத் தீ வைத்தால், கரும்பில் சர்க்கரை இழப்பு வேகமாகும், நிலத்துக்கு மூடாக்காகக் கிடைக்க வேண்டிய தோகையும் போய்விடும்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் பழுதாகி இறந்துவந்தார்கள். கடும் வெயிலில் கடும் உழைப்பு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. அங்குள்ள சில கரும்பாலைத் தோட்டங்களில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எல் சால்வடோரில் நடந்த முதல் கட்டச் சோதனையில், ஓய்வு கொடுத்ததால் ஆளுக்கு வெட்டும் அளவு குறையவில்லை, கூடியது. நம் வயலில் அதற்கு ஆகும் செலவு ஒரு தண்ணீர் கேன், வரப்பில் கட்டும் ஒரு தார்ப்பாய், உப்புப் போட்ட நீர்மோர். விடியலிலேயே வேலை தொடங்கி உச்சி வெயிலில் நிறுத்துங்கள்.

எல்லாச் சுமையும் விவசாயி தலையிலா?

இந்தக் கேள்வி நியாயமானது. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டால் 340 ரூபாய், 2025-26-க்கு 355 ரூபாய். வெட்டுக்கூலி போக நம் கையில் நிற்பது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்க விவசாயிகளும் 1960-ல் இதைத்தான் சொன்னார்கள்.

அதற்கு அதே தெற்கு புளோரிடாவிலிருந்தே பிற்பாடு ஒரு பதில் வந்தது. இம்மோகலி என்ற ஊரின் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்து, கேட்க வேண்டியது பண்ணைக்காரரை மட்டுமல்ல, மொத்தமாக வாங்கும் பெரிய கம்பெனிகளையும்தான் என்று முடிவு செய்தார்கள். ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள், அது பறித்தவருக்குப் போகட்டும் என்றார்கள். 2005-ல் டாகோ பெல் உணவகக் கம்பெனி முதலில் ஒப்புக்கொண்டது. 2010-ல் புளோரிடா தக்காளி விவசாயிகள் அமைப்பும் சேர்ந்தது. விவசாயியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்று வாங்குபவரிடம் பேச முடியும் என்பதற்கு இது உதாரணம். ஆலையுடன் பேச்சு நடக்கும்போது வெட்டுக்கூலியையும், வெட்டு ஆட்களின் தங்குமிடத்தையும் நம் கரும்பு விவசாயிகள் சங்கங்கள் ஏன் ஒரு கோரிக்கையாக வைக்கக் கூடாது?

களப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அட்மா கூட்டத்தில் பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஒரு படம் போடுங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் கிராமத்து உழைப்பாளிகளைப் பற்றிய குறும்படங்கள் இருக்கின்றன, கட்டுரைகள் தமிழிலும் கிடைக்கின்றன. படம் முடிந்ததும் உபதேசம் வேண்டாம். உங்கள் வயலில் வண்டி, கொட்டகை, கணக்கு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு விவசாயிகளைப் பேச விடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் செல்போனிலேயே ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுங்கள். அது அவர்களைப் பற்றிய படமாக இல்லாமல் அவர்களுக்கான படமாக இருக்கட்டும். எத்தனை குத்து, எவ்வளவு ஆழம், சிவப்பு முக்கோணம் என்றால் என்ன, 108-ஐ எப்போது அழைப்பது, ரேஷன் எங்கே வாங்குவது என்று காட்டுங்கள். குழுவில் ஓரளவு தமிழ் பேசத் தெரிந்த ஒருவரையே அவர்கள் மொழியில் பேச வையுங்கள். முகம் காட்டச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அது மேஸ்திரியிடம் நிற்காமல் ஒவ்வொருவர் போனுக்கும் போகட்டும்.

அடுத்த தண்ணீர்த் திறப்புக்கு முன்பு அந்த நாற்பது பக்க நோட்டை வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் மேஸ்திரியின் பெயருக்குக் கீழே மற்றவர்களின் பெயர்களையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். கூலி கொடுக்கும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுங்கள்.